மூன்று கடிதங்கள்: நாணய ஆப்ஷன் ஆய்வில் முதல் வேலை எங்கே?

சென்ற ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் தக்கலையிலிருந்து பஸ் பிடித்து நாகர்கோவில் வந்தாள். என் வீட்டுத் திண்ணையில் மூன்று தாள்களை வரிசையாக விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு டம்ளரை வைத்தாள். மூன்றும் வேலைக்கான கடிதங்கள். பதவியின் பெயர் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: அந்நியச் செலாவணி டெரிவேட்டிவ் பிரிவில் குவான்ட் ஆய்வாளர், அதாவது நாணய மாற்று விகிதத்தை ஒட்டிய ஒப்பந்தங்களுக்குக் கணிதத்தால் விலை போடுபவர். ஒன்று சிங்கப்பூரில் உள்ள டிரேடிங் நிறுவனத்தினுடையது. இன்னொன்று ஒரு வெளிநாட்டு வங்கியின் பெங்களூர் மையத்திலிருந்து வந்தது. மூன்றாவது, மும்பையில் ஓர் இந்திய வங்கியின் டிரஷரி, அதாவது வங்கியின் பணத்தையும் செலாவணியையும் கையாளும் பிரிவு.

"சித்தி, நீங்கள் மூன்று ஊரிலும் இந்த வேலையைப் பார்த்திருக்கிறீர்கள். எதை எடுக்கட்டும்?" என்றாள்.

பார்த்திருக்கிறேன். 2011 முதல் 2016 வரை பெங்களூர், பிறகு மூன்று ஆண்டு சிங்கப்பூர், அதன்பின் 2024 வரை மும்பை. அன்று மாலை அவளிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். கணிதம் படித்துவிட்டு இந்தத் துறையைப் பற்றி விசாரிக்கும் பிள்ளைகளுக்குச் சம்பளத்தைத் தவிர வேறு எதையும் யாரும் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நாணய மாற்று புதிய சங்கதி அல்ல. திருவிதாங்கூர் காலத்தில் இங்கே சக்கரம் புழங்கியது. 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் வேண்டுமென்றால் 28½ சக்கரம் கொடுக்க வேண்டும். அந்த அரைச் சக்கரம்தான் நம் ஊரின் அன்றைய மாற்று விகிதம். இன்று குளச்சலிலும் மார்த்தாண்டத்திலும் வளைகுடாப் பணம் வரும் வீடுகளில் "திர்ஹம் ஏறட்டும், பிறகு அனுப்பச் சொல்லலாம்" என்று காத்திருக்கிறார்கள். திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போடப்பட்ட நாணயம். சவூதி ரியால் அதற்கும் முன்பிருந்தே 3.75. ஆகவே அந்த வீடுகள் திர்ஹமுக்காகக் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டு உண்மையில் டாலருக்கும் ரூபாய்க்கும் இடையிலான விகிதத்துக்காகக் காத்திருக்கின்றன.

அந்தக் காத்திருப்புக்கு விலை போடுவதுதான் எங்கள் தொழில். ஓராண்டு கழித்து டாலரை இன்ன விலைக்கு விற்கிறேன் என்று இன்றே ஒப்பந்தம் போட்டால் அது ஃபார்வர்டு. டாலர் இன்று 85 ரூபாய், இந்திய வட்டி 6 சதவீதம், அமெரிக்க வட்டி 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஓராண்டு ஃபார்வர்டு 86.63 அளவில் வரும். வட்டி வித்தியாசம்தான் அந்தக் கூடுதல்; இதில் எதிர்காலக் கணிப்பு எதுவும் இல்லை. இது பள்ளிக்கூடக் கணக்கு. "விற்கும் உரிமை மட்டும் எனக்கு வேண்டும், கடமை வேண்டாம்" என்று ஒருவர் சொல்லும்போதுதான் ஆப்ஷன் பிறக்கிறது. அப்போது விகிதம் எவ்வளவு ஆடும் என்பதற்கு ஓர் எண் தேவைப்படுகிறது. பங்கு ஆப்ஷனுக்கு 1973இல் வந்த பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தை, இரண்டு நாணயங்களின் இரண்டு வட்டிகளையும் சேர்த்து 1983இல் கார்மனும் கோல்ஹாகனும் நாணயத்துக்கு ஏற்றபடி எழுதினார்கள். அந்தச் சூத்திரம் 'ஏற்ற இறக்கம் ஒரே எண்' என்று நம்புகிறது. சந்தை அப்படி நம்புவதில்லை. டாலர் ஏறும் பக்கத்து ஆப்ஷனுக்கும் இறங்கும் பக்கத்து ஆப்ஷனுக்கும் வேறு வேறு ஏற்ற இறக்கம் சொல்கிறது. ஒரு வாரத்துக்கு ஒன்று, ஓராண்டுக்கு வேறொன்று. இந்த மேடுபள்ளத்தை முழுப் பரப்பாகக் கட்டி, அதிலிருந்து சிக்கலான ஒப்பந்தங்களுக்கு விலை எடுத்து, அந்த விலை எங்கே பொய்யாகும் என்று கண்டுபிடிப்பது குவான்ட்டின் அன்றாடம். உலக அளவில் செலாவணிச் சந்தையின் ஒரு நாள் புழக்கம் 2022 ஏப்ரலில் 7.5 டிரில்லியன் டாலராகவும் 2025 ஏப்ரலில் 9.6 டிரில்லியனாகவும் இருந்தது. ஆப்ஷன் அதில் சிறு பங்குதான். ஆனால் கணக்குப் பிழைக்கு அதிக இடம் கொடுப்பதும் அந்தச் சிறு பங்குதான்.

மூன்று கடிதத்திலும் உள்ள வேலையை அளக்க நான் அவளுக்கு ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்தேன்: நீ கொடுத்த எண் தப்பாக இருந்தால், அது எத்தனை நாளில் உன் மேசைக்குத் திரும்பி வரும்?

பெங்களூரில் தொடங்குகிறேன், நான் தொடங்கியதும் அங்கேதான். அங்கே அவளுக்குக் காத்திருப்பது மாடல் சரிபார்ப்பு. லண்டனில் ஒருவர் மாடல், அதாவது விலை போடும் கணிதக் கட்டமைப்பு, எழுதுவார். அது சரியா, எந்த எல்லைக்குள் சரி என்று சுதந்திரமாகச் சோதித்து அறிக்கை எழுத வேண்டும். மாடலை எழுதியவரே அதைச் சரிபார்க்கக் கூடாது என்பதை அமெரிக்க மத்திய வங்கி 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அழுத்திச் சொன்னது. அதன்பிறகு இந்தப் பிரிவுகள் மளமளவென்று வளர்ந்தன. இந்த வேலையைப் பலர் குறைவாகப் பேசுவார்கள்; நான் பேச மாட்டேன். ஏற்ற இறக்கம் ஒரே எண் அல்ல என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட தூப்பிரின் 1994ஆம் ஆண்டுக் கட்டுரையை, ஹெஸ்டனின் 1993ஆம் ஆண்டு மாடலை, இரண்டையும் கலந்து இன்று வங்கிகள் ஓட்டும் மாடல்களை வரி வரியாகப் படிக்க எனக்கு நேரம் கிடைத்தது அங்கேதான். அடுத்தவரின் நிரலைத் திறந்து பார்க்காமலேயே நான் தனியாக ஒரு விலை எழுதி, இரண்டும் நான்காவது தசமம் வரை பொருந்தும்போது வரும் நிறைவை வேறு எந்த வேலையும் எனக்குத் தந்ததில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி 2011 செப்டம்பரில் யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம் என்று அறிவித்திருந்தது. மூன்று ஆண்டுக்கு மேல் அந்தச் சொல் நின்றது. அந்த ஜோடிக்கான ஒரு தடை ஆப்ஷன் மாடலை நான் சரிபார்த்தேன். விகிதம் குறிப்பிட்ட ஓர் அளவைத் தொட்டால் உயிர்பெறும் அல்லது செத்துப்போகும் ஆப்ஷன் அது. வரலாற்றுத் தரவு முழுவதும் தரைவிரிப்புப் போல அமைதியாகக் கிடந்தது. அதிர்ச்சிச் சோதனையில் 10 சதவீத வீழ்ச்சி வரை போனேன். அதுவே அதிகம் என்று மேலாளர் சொல்ல, நானும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். 2015 ஜனவரி 15, நம் நேரம் பிற்பகல் 3 மணி. சுவிஸ் மத்திய வங்கி அந்த 1.20 எல்லையை எடுத்துவிட்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு ஃபிராங்குக்கும் கீழே விழுந்தது. எங்கள் மாடியில் யாரும் எழுந்து நிற்கவில்லை. செய்தியைப் படித்தோம், தேநீர் குடித்தோம், ஆறு மணிக்குப் போக்குவரத்து வண்டியில் ஏறினோம். என் மாடலை வைத்து லண்டனில் எவ்வளவு போயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான்கு மாதம் கழித்து, சோதனை எல்லையை விரிவாக்கச் சொல்லி ஒரு மின்னஞ்சல் வந்தது. என் பிழை என்னிடம் வந்து சேர நான்கு மாதம் ஆனது. வந்தபோது அது பிழையாகவே தெரியவில்லை, ஒரு வேலைக் குறிப்பாகத்தான் தெரிந்தது. 23, 24 வயதில் இந்தத் தூரம் ஆபத்தானது. எண்ணுக்கு வலி இருக்கிறது என்பதையே அது மறக்கடித்துவிடும்.

சிங்கப்பூர் இதற்கு நேர் எதிர். நான் அங்கே சேர்ந்த சில மாதங்களில், 2016 அக்டோபர் 7 காலை ஏழு மணிக்குச் சற்றுப் பின்னால், டாலருக்கு எதிராகப் பவுண்டு சில நிமிடங்களுக்குள் ஏறக்குறைய 9 சதவீதம் விழுந்தது. லண்டன் தூங்கிக்கொண்டிருந்த நேரம், வாங்க ஆளில்லை. என் சிக்னல், அதாவது எப்போது வாங்க வேண்டும், விற்க வேண்டும் என்று சொல்ல நான் எழுதிய நிரல், விலை அளவுக்கு மீறி விழுந்துவிட்டது என்று சொல்லி வாங்கிக்கொண்டே இருந்தது. நிறுவனம் வைத்திருந்த வரம்பு அதை நிறுத்தியது. எட்டு மணிக்கெல்லாம் என் பெயருக்கு நேராக நஷ்டம் திரையில் இருந்தது, ஒரு சென்ட் பிசகாமல். பெங்களூரில் நான்கு மாதம் ஆனது இங்கே ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஆனால் அக்கா மகள் கவனிக்க வேண்டியது, அங்கே ஆய்வு என்று சொல்லப்படுவது வேறு பொருள். ஆப்ஷனுக்கு விலை என்ன என்ற கேள்வியைவிட, அடுத்த சில விநாடியிலோ சில நாளிலோ எது எந்தப் பக்கம் நகரும் என்ற கேள்விதான் அதிகம். புள்ளியியலும் நிரலும் கைவர வேண்டும். அவளுக்கு இரண்டும் இருக்கிறது. கற்றுக்கொடுக்க ஆள் இருக்காது. பக்கத்து இருக்கைக்காரர் என்ன செய்கிறார் என்பதை அவர் சொல்ல மாட்டார், நீயும் கேட்கக் கூடாது. சிக்னல் ஓடும்வரை ராஜ மரியாதை. ஓடாவிட்டால் இரண்டு ஆண்டில் கதவு. போகும்போது போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று குறிப்பிட்ட மாதங்கள் வீட்டில் உட்கார வைப்பார்கள். அவள் கடிதத்தின் ஏழாம் பக்கத்தில் அது பன்னிரண்டு மாதம் என்று இருக்கிறது, அந்தக் காலத்துக்குச் சம்பளம் உண்டா என்று தெளிவாக எழுதவில்லை. அவள் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கவில்லை. முதல் வேலையில் சேரும் யாரும் அதைப் புரட்டுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. இத்தகைய நிறுவனங்களின் வேலை எந்தச் சந்தையை நம்பி நிற்கிறது என்பது முக்கியம். இந்தியப் பங்குச் சந்தைகளில் நாணய ஃபியூச்சர் (சந்தையில் கைமாறும் ஃபார்வர்டு போன்றது) 2008இல் வந்தது, ஆப்ஷன் 2010இல் வந்தது. அதில் வாங்கல் விற்றல் செய்தே நல்ல லாபம் பார்த்தவர்கள் இருந்தார்கள். 2024 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது: கையில் உண்மையான செலாவணித் தேவை உள்ளவர்கள்தான் இதில் இறங்கலாம். ஏப்ரலில் அமலுக்கு வரவிருந்தது, மே 3க்குத் தள்ளிப்போனது, அதற்குள்ளேயே புழக்கம் சரிந்துவிட்டது. அந்தச் சந்தைக்காகவே எழுதப்பட்ட ஆய்வுகளின் மதிப்பு ஒரு தாளில் முடிந்தது. எனக்குத் தெரிந்த இரண்டு பேர் அந்த மாதமே வேறு வேலை தேடினார்கள்.

இனி மும்பை. மூன்றில் சம்பளம் மிகக் குறைவு இதில்தான். சிங்கப்பூர்க் கடிதத்தில் உள்ளதில் நான்கில் ஒரு பங்கு. கணிதமும் மேலோட்டமாகப் பார்த்தால் எளிது. ஃபார்வர்டு, சாதாரண ஆப்ஷன், இரண்டு மூன்று ஆப்ஷனைச் சேர்த்துக் கட்டும் பொதிகள், அவ்வளவுதான். இருந்தும் நான் அதிகம் கற்றது அங்கேதான். காரணம் ரூபாய்.

ரூபாய்க்கு இரண்டு சந்தை. உள்நாட்டில் டாலரும் ரூபாயும் உண்மையிலேயே கைமாறும். சிங்கப்பூரிலும் லண்டனிலும் ரூபாய் கைமாறாது. ஒப்பந்த விலைக்கும் அன்றைய விகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் டாலரில் தீர்த்துக்கொள்வார்கள். இரண்டையும் கட்டி வைக்கும் கயிறு ஒன்றுண்டு: மும்பையில் காலை 11.30க்கும் 12.30க்கும் இடையே நடக்கும் வர்த்தகத்திலிருந்து ஒரு கால் மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்துக் கணக்கிடப்படும் குறிப்பு விகிதம். எந்தக் கால் மணி நேரம் என்பது முன்கூட்டி யாருக்கும் தெரியாது. சிங்கப்பூரில் இருந்தபோது அந்த எண் எனக்குத் திரையில் வந்து விழும் ஒரு தரவுப் புள்ளி. மும்பையில் அந்த ஒரு மணி நேரமும், வங்கிக்காக நாணயம் வாங்கி விற்கும் டீலர்களின் குரல் மாறுவதைக் கேட்டேன். ரிசர்வ் வங்கி சார்பில் யாரோ விற்கிறார்கள் என்று அறை முழுவதும் ஒரே நேரத்தில் உணர்வதைப் பார்த்தேன். பல வாரம் அசையாமல் கிடக்கும் விகிதம் ஏன் திடீரென்று துள்ளுகிறது, அமைதியான தரவை ஏன் நம்பக் கூடாது என்பதெல்லாம் 2015இல் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. நான்கு ஆண்டு தாமதமாகத் தெரிந்துகொண்டேன்.

ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் அண்டி ஆபீஸ் (முந்திரித் தொழிற்சாலை) வைத்திருக்கும் ஒருவர், இரண்டு கன்டெய்னர் பருப்புக்கு மூன்று மாதத்தில் 2 லட்சம் டாலர் வர வேண்டியிருப்பதாகச் சொல்லி விலை கேட்டார். டாலர் 85இல் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 84க்குக் கீழே போனால் 84க்கு விற்கும் உரிமை அவருக்கு. அதற்கு ஈடாக 87க்கு மேலே போனால் 87க்கே விற்க வேண்டிய கடமை. இரண்டின் விலையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் அவர் கையிலிருந்து பைசா போகாது. என் பரப்பிலிருந்து விலை அழகாக வந்தது. டீலர் எட்டிப் பார்த்து, "அவர் கொட்டையை எங்கிருந்து வாங்குகிறார் என்று கேட்டீர்களா?" என்றார். கேட்கவில்லை. நம் ஊர் ஆபீஸ்களுக்குக் கச்சாக் கொட்டையில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது, அதற்குப் பணம் டாலரில்தான் கட்ட வேண்டும் என்பது குமரி மாவட்டத்தில் பிறந்த எனக்குத் தெரியாத செய்தியா? போனில் கேட்டேன். அதே மூன்று மாதத்தில் 1 லட்சத்து 30 ஆயிரம் டாலர் அவர் கட்ட வேண்டியிருந்தது. ஆக அவருக்கு உண்மையில் மிஞ்சும் டாலர் 70 ஆயிரம். 2 லட்சத்துக்கும் ஒப்பந்தம் போட்டு, டாலர் 90க்குப் போய், கப்பலும் தாமதமாகியிருந்தால், இல்லாத டாலரை 90க்கு வாங்கி 87க்குக் கொடுத்திருப்பார். டாலருக்கு 3 ரூபாய் வீதம் 6 லட்சம் ரூபாய். பருப்பு உரித்து உரித்துக் கை கறுத்த பெண்களுக்கு இரண்டு மூன்று வாரக் கூலி கொடுக்கும் பணம் அது. என் மாடலில் ஒரு பிழையும் இல்லை. கேள்விதான் தப்பு.

இது கற்பனைப் பயம் அல்ல. 2007இல் டாலர் 39 ரூபாய் வரை இறங்கியபோது, திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர்கள் பலருக்கு வங்கிகள் சுவிஸ் ஃபிராங்கையும் யென்னையும் கட்டிய சிக்கலான பொதிகளை விற்றன. பின்னலாடை விற்பவருக்கும் ஃபிராங்குக்கும் என்ன உறவு? செலவில்லை என்று சொல்லப்பட்டது. எந்தத் தடையைத் தொட்டால் என்ன ஆகும் என்பது சிறு எழுத்தில் இருந்தது. 2008 மார்ச்சில் டாலர் ஒரு ஃபிராங்குக்கும் கீழே இறங்க, தடைகள் உடைந்தன, வழக்குகள் தொடங்கின. 2011 ஏப்ரலில் டெரிவேட்டிவ் விதிகளை மீறியதற்காக ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது. அந்தப் பொதிகள் ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒரு குவான்ட் விலை போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்த விலைகள் பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். என்னைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான்.

எனவே என் தீர்ப்பு மும்பை. நான் கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடத்துக்கு அவள் முதலில் போகட்டும். மூன்று ஆண்டு அந்த மேசையில் இருந்துவிட்டுச் சிங்கப்பூர் போனால், எந்த எண்ணுக்குப் பின்னால் எந்த மனிதர் நிற்கிறார் என்று தெரிந்து போவாள். திருப்பிச் செய்தால், மூன்று ஆண்டு பெரிய சம்பளம் வாங்கிவிட்டு மும்பையின் சிறிய சம்பளத்துக்கு யாரும் வருவதில்லை. நான் வந்தேன்; உடல்நிலையும் அம்மாவும் காரணம், துணிச்சல் காரணம் அல்ல.

பணத்தைப் பற்றி அக்காவுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக் கடன் பாக்கியிருக்கிறது, தங்கையின் படிப்பு இருக்கிறது. அந்தக் கடன் கழுத்தை நெரிக்கும் அளவில் இருந்திருந்தால் சிங்கப்பூர் என்றுதான் சொல்லியிருப்பேன், தயங்காமல். கணக்குப் போட்டுப் பார்த்தோம். மும்பைச் சம்பளத்தில் மாதத் தவணை கட்டலாம், நகை மீட்பது மட்டும் இரண்டு ஆண்டு தள்ளிப்போகும். அக்கா முகம் வாடியது. அவளுக்குப் பெங்களூர்தான் ஆசை, நாகர்கோவிலிலிருந்து நேர் ரயில் இருக்கிறதே என்று. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கிடைக்காதா என்றும் கேட்டாள். விலை மென்பொருள் எழுதும் நிறுவனங்களில் கிடைக்கலாம். ஆனால் பேச்சு பதிவாகும் தொலைபேசியும் வாடிக்கையாளர் தரவும் உள்ள டீலிங் அறையை யாரும் நாகர்கோவில் வடசேரிக்கு அனுப்ப மாட்டார்கள்.

என் தீர்ப்பில் ஒரு நிபந்தனை உண்டு. டிரஷரி என்று எழுதியிருந்தாலும், சில வங்கிகளில் குவான்ட்டை டீலிங் அறைக்கு வெளியே உட்கார வைத்து, மாதாந்திர அறிக்கை மட்டும் எழுத வைப்பார்கள். ஆகவே பதில் அனுப்புமுன் மூன்று விஷயம் கேட்டு எழுதச் சொன்னேன். என் இருக்கை டீலர்களோடு ஒரே அறையில் இருக்குமா? நான் போடும் ஏற்ற இறக்கப் பரப்பிலிருந்துதான் வாடிக்கையாளருக்கு விலை போகுமா, அல்லது வாங்கிய மென்பொருளிலிருந்தா? வாடிக்கையாளரோடு பேசும் அழைப்பில் நானும் இருக்கலாமா? திங்கட்கிழமை காலையிலேயே அனுப்பிவிட்டாள். பெங்களூர்க்காரர்கள் வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். மும்பையிலிருந்து "இருக்கை வேறு மாடியில்" என்று பதில் வந்தால், பெங்களூர்க் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்வேன். அங்கே படிக்கவாவது நேரம் கிடைக்கும்.